பழைய விபத்துகளுக்குப் பொருந்தாது

ஜூன் 12

அன்புள்ள அண்ணி,

போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். போன மாதம் கூப்பிட்டபோது உங்கள் அக்கா எடுத்து, "அவ குளிச்சிட்டிருக்கா தம்பி" என்றார். அதற்கு முந்தின மாதமும் நீங்கள் குளித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

விமானப் போக்குவரத்து ஆணையத்தைச் சீர்திருத்த ஒரு மசோதா கொண்டுவருகிறார்கள். நேற்று அதை வெளியிட்டுவிட்டார்கள். யார் எழுதியது என்று அதில் இருக்காது. எழுதியது நான். கோப்பு என் மேஜைக்கு வந்த அன்றே செயலாளரிடம் போய், "சார், எங்க அண்ணன் அந்த விபத்துல போன விமானி. எனக்கு இது வேண்டாம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தெரியும்யா. அதனாலதான் உன்கிட்ட குடுக்கறேன். நீ இதுல ஏனோதானோன்னு இருக்க மாட்ட" என்றார். சரி என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த மழையில் அண்ணனின் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய்ப் பள்ளத்தில் விழுந்தபோது, "விமானி தாமதமாகப் பிரேக் போட்டதே காரணம்" என்று எழுதியது யார்? அந்த ஓடுபாதை மழைக்குத் தாங்கும் என்று சான்று கொடுத்த அதே ஆணையம். பரீட்சை எழுதினவனே விடைத்தாளையும் திருத்துகிற ஏற்பாடு. புது மசோதாவில் விபத்து விசாரணை ஒரு தனி வாரியத்துக்குப் போகிறது. ஆணையத்தின் கை அதில் படாது.

உட்பிரிவு 41-ஐப் பாருங்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் கேட்டால் பழைய அறிக்கைகளையும் அந்த வாரியம் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அம்மா என்னோடுதான். காலையில் மட்டும் முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. உங்கள் பெண் எப்படி இருக்கிறாள்? 'வாலு' என்று கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்ப்பாளா?

அன்புடன்,
தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். மசோதாவையும் இணையத்தில் எடுத்துப் படித்தேன். பாதி புரியவில்லை. 41 புரிந்தது.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியாதது போல் எழுதியிருக்கிறீர்கள். அறிக்கை வெளிவந்த அன்று வாசல் நிறையப் பத்திரிகைக்காரர்கள். உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நான் உங்களைத்தான் வெளியே அனுப்பினேன். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தீர்கள். "விடுங்க அண்ணி. போனவர் திரும்பி வரப்போறாரா? இதை இழுத்தா நமக்குத்தான் அசிங்கம்" என்றீர்கள். அசிங்கம். அடுத்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தையின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை அவரிடம் சொல்லுங்கள்.

இங்கே மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் அதைப் பார்த்தவளே மறுபடி பார்க்கக் கூடாது, வேறொருத்திதான் பார்க்க வேண்டும். சேர்ந்த அன்றே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவருடைய சர்க்கரை அளவுக்கு இருக்கும் மரியாதை அத்தனை பேர் சாவுக்கு இல்லையே என்று சில நாள் குழாய்களை அடுக்கும்போது தோன்றும். அப்புறம் அடுத்த நோயாளி கையை நீட்டுவார்.

விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை போனேன். மனைவியைப் பறிகொடுத்த ஒரு கணக்கு வாத்தியார்தான் அதற்குச் செயலாளர். என்னைப் பார்த்து, "நீங்க இங்க எந்தப் பக்கம்மா உக்காருவீங்க?" என்று கேட்டார். குத்தலாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. என் பக்கத்து நாற்காலியில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.

பள்ளியில் ஒரு பெண் வாலுவிடம், "உங்கப்பாதான ப்ளேனை இடிச்சது?" என்று கேட்டிருக்கிறது. வாலு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் ஆசிரியை சொல்லித்தான் தெரியும். இப்போதெல்லாம் அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. வீட்டில் சத்தமே இருப்பதில்லை.

41 இருக்கட்டும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி

ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணி,

கடிதம் முழுக்க 'நீங்கள், உங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிட்டீர்கள். திட்டுவதானாலும் 'நீ' என்றே திட்டுங்கள். மரியாதைதான் தாங்க முடியவில்லை.

அன்று கதவைச் சாத்தியதற்குச் சமாதானம் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத எல்லாம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி வருகிறது. அதனால் விட்டுவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

இப்போது சொல்ல வேண்டியது இன்னும் மோசம். 41 போய்விட்டது.

நேற்று அமைச்சர் அறையில் கூட்டம். நீள மேஜையின் ஒரு பக்கம் விமானக் கம்பெனிகளின் வக்கீல்கள், எதிர்ப்பக்கம் ஆணையத்தின் ஆட்கள். எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. "பழசையெல்லாம் கிளற ஆரம்பிச்சா அதுக்கு முடிவே இல்லைங்க. ஒவ்வொரு கேஸும் மொதல்லேர்ந்து வரும்" என்றார் ஒரு வக்கீல். ஆணையத்தின் இணை இயக்குநர் தட்டிலிருந்த பிஸ்கட்டை உடைத்துக்கொண்டே தலையாட்டினார். அமைச்சர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சட்டம் வேணுமா, சண்டை வேணுமா?" என்றார். செயலாளர் என் பக்கம் திரும்பி, "எடுத்துடு" என்றார்.

எடுத்துவிட்டேன். அதோடு விடவில்லை. பின்னால் யாரும் வம்பு பண்ணக் கூடாது என்று, 'இச்சட்டம் தொடங்குவதற்கு முன் நடந்த விபத்துகளுக்கு இது பொருந்தாது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அதையும் நான்தான் எழுதினேன். அரசாங்கத்துக்கு வேலை பார்த்துப் பார்த்து என் கை தானாக எழுதப் பழகிவிட்டது. எழுதி முடித்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். அங்கே ஒருவர் தண்ணீர் கேன் மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை பிடியுங்கள் என்றார். பிடித்தேன். நேற்று நான் செய்ததில் அது ஒன்றுதான் உருப்படி.

தம்பி

ஆகஸ்ட் 13

தம்பி,

உன் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டேன். மறுநாள்தான் வந்தது.

எங்கள் மருத்துவமனையின் வழக்குகளைப் பார்க்கும் வக்கீலம்மாவிடம் மசோதாவையும் நீ எழுதியிருந்த அந்த வரியையும் காட்டினேன். அவர் சொன்னதைக் கேட்டுக்கொள். 41 இல்லாவிட்டால் பரவாயில்லையாம். அந்தப் 'பொருந்தாது' என்ற வரி மட்டும் சட்டத்தில் இல்லாமல் இருந்தால், 'பொருந்தும்' என்று நீதிமன்றத்தில் வாதாட இடம் இருக்கிறதாம்.

அத்தனை பக்கங்களில் ஒரே ஒரு வரி. நாடாளுமன்றத்துக்கு அச்சாகிப் போகும் பிரதி உன் கையைத் தாண்டித்தானே போகும்? விட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளேன். அச்சில் வரிகள் விடுபடுவதே இல்லையா? யார் எழுத்தெண்ணிப் படிக்கப்போகிறார்கள்?

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. வாசலில் ஒரு வார்த்தை சொல்லக் கேட்டேன், நீ சொல்லவில்லை. இப்போது ஒரு வரியைச் சொல்லாமல் விடத்தான் கேட்கிறேன். சொல்லாமல் இருப்பது உனக்கு வரும்.

அண்ணி

ஆகஸ்ட் 21

அண்ணி,

முடியாது.

இப்படி எழுதினால் இனி என்னோடு பேசமாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஒரு வாரமாக அந்தப் பிரதியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்ய முடியாததல்ல. நீங்கள் சொன்னது சரி, யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் அண்ணி, அந்த ஓடுபாதையில் மழைத் தண்ணீர் வடிவதில்லை என்று அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். டயர் ரப்பர் படிந்து படிந்து வழவழவென்று இருந்தது என்பதும் தெரியும். இருந்தும் சோதனைத் தாளில் 'திருப்தி' என்று ஒருவர் எழுதினார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதினார். அவர் நினைத்தபடியே யாரும் பார்க்கவில்லை. அண்ணன் அதன் மேல்தான் இறங்கினார். அவர் பெயரைக் காப்பாற்ற நானும் அதே வேலையைச் செய்தால், நாளைக்கு எந்த முகத்தோடு அவர் போட்டோவைத் துடைப்பேன்?

நாடாளுமன்றக் குழு அக்டோபரில் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். அந்த வரியை எடுக்கச் சொல்லி நீங்களே வந்து கேளுங்கள். நேராக, எல்லோர் முன்னாலும். எனக்கு வாசலில் வராத தைரியத்தை உங்களிடம் கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

தம்பி

நவம்பர் 2

தம்பி,

இரண்டு மாதம் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் குழுவுக்குப் போய்வந்ததை யாரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காவிடம் சொன்னால் அழுகிறாள். உன்னை அன்று அந்தப் பக்கமே விடவில்லை என்று உன் அலுவலகத்துப் பையன் ஒருவன் சொன்னான்.

வெளியே மர பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். கணக்கு வாத்தியாரும் வந்திருந்தார். பெஞ்சின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். நடுவில் அவருடைய குடை. ஆணையத்து அதிகாரிகள் இரண்டு பேர் எங்களுக்கு எதிரே ஜன்னலோரமாக நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

ஒருவர், "குடும்பத்துக்காரங்க பழைய கேஸை விடமாட்டோம்னு ஒத்தக்கால்ல நிப்பாங்க. நல்லா நிக்கட்டும்" என்றார்.

மற்றவர் சிரித்தார். "நின்னா மசோதா திரும்பிப் போகும். அடுத்த தேர்தல் வந்துரும். அப்புறம் யார் மந்திரியோ, என்ன மசோதாவோ. நம்ம பாட்டுக்கு நம்ம வேலையைப் பார்க்கலாம்."

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். குடையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அரை வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுதிக்கொண்டு போனதைப் படிக்க ஆரம்பிப்பதற்குள் ஒரு உறுப்பினர், "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் ஒருத்தருக்காக ஒரு சட்டம் வேணும்கறீங்களா?" என்று கேட்டார். குரலில் கெட்ட எண்ணம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த அலுப்புதான்.

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். "அந்த வரியை எடுத்தா எனக்கு நிம்மதி. எடுக்கணும்னுதான் கேட்டு வந்தேன், இப்பவும் கேட்கறேன்" என்றேன். "ஆனா என்னால இந்த மசோதா நிக்க வேண்டாம். எடுக்க முடியலன்னா அப்படியே நிறைவேத்துங்க. என் வீட்டுக்காரர் போனது போனதுதான். மழை அடுத்த வருஷமும் வரும்" என்றேன். என் வாயால் சொன்னேன், தம்பி. நீ அன்று உள்ளே வந்து சொன்னாயே, போனவர் வரப்போறாரா என்று. கிட்டத்தட்ட அதையே நானும் சொல்லிவிட்டு வந்தேன். வித்தியாசம் இருக்கிறது. இருந்தும் வாய் கசந்தது.

வாத்தியார் எனக்கு அடுத்துப் பேசினார். வெளியே வந்து பேருந்து நிறுத்தம்வரை என் கூடவே நடந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு இன்னும் கோபம் போகலம்மா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா அந்த அறிக்கையில இருக்கறதெல்லாம் உண்மைன்னும் இனிமே நம்ப முடியல. இப்ப யார் மேல கோபப்படறதுன்னே தெரியல."

"எனக்கும் தெரியலங்க" என்றேன்.

பேருந்தில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தேன். தூக்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அண்ணி

டிசம்பர் 19

அன்புள்ள அண்ணி,

மசோதா நிறைவேறிவிட்டது. 'பொருந்தாது' என்ற வரியோடுதான். அதை எடுக்கச் சொல்லிக் குழுவில் இரண்டு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாக்குக்கு விட்டார்கள், தோற்றது.

நான் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். சபையில் பாதி நாற்காலி காலி. ஒருவர் கொட்டாவி விட்டார், பக்கத்திலிருந்தவருக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு உட்பிரிவாக எண்ணைப் படிக்க, 'ஆம்' என்று நாலைந்து குரல். 'பொருந்தாது' என்ற வரி இருந்த இடத்தையும் அப்படியே தாண்டிவிட்டார்கள்; என் கையில் பேனா மூடி நசுங்கியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். மறுநாள் செய்தித்தாளில் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பத்தி.

இருந்தாலும் சட்டத்துக்குள் வந்துவிட்டதைச் சொல்கிறேன். விசாரணை வாரியம் தனியாக வந்துவிட்டது. ஒவ்வொரு விமான நிலையத்திலும் அந்த வாரியம் நியமிக்கும் ஒரு பாதுகாப்பு அதிகாரி இருப்பார். ஓடுபாதையில் தண்ணீர் நின்றால் அவர் யாரையும் கேட்காமல் மூடலாம். கம்பெனிக்காரர்களோ ஆணையமோ அவரை இடமாற்றம் செய்ய முடியாது. இதை வெட்ட எவ்வளவோ பார்த்தார்கள். உங்கள் பேச்சுக்குப் பிறகு யாருக்கும் வாய் வரவில்லை என்று செயலாளர் சொன்னார். "அந்தம்மா உங்க அண்ணிதானேய்யா?" என்று கேட்டார். "ஆமா சார், எங்க அண்ணி" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த அலுவலகத்தில் நான் சத்தமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

இப்போது எடைக்கல், தராசு பற்றிய ஒரு சட்டத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை. தராசு யாரையும் கொல்லாது.

உங்களை வந்து பார்க்கலாமா? அம்மாவும் வருகிறேன் என்கிறார்.

தம்பி

ஜனவரி 8

தம்பி,

செய்தித்தாளில் வந்த பத்தியை வாலுவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்ப அப்பா தப்பு பண்ணலன்னு எழுத மாட்டாங்களா?" என்று கேட்டாள். "எழுத மாட்டாங்க" என்றேன். "நமக்குத் தெரியும்ல, போதும்" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். அந்த வயதில் 'போதும்' என்ற சொல்லை நான் பழகியிருக்கவில்லை. பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் அவள் துணிகளை மடித்து வைத்தேன்.

வா. அவள் பரீட்சையெல்லாம் முடிந்து நாங்களும் கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு வா. அத்தையின் முட்டிக்கு ரயில் ஆகாது. அவ்வளவு நேரம் உட்கார முடியாது. விமானத்திலேயே கூட்டி வா. அவருக்குப் பயம் என்றால் எனக்கும் பயம்தான் என்று சொல். பயந்துகொண்டே வரட்டும்.

இன்னும் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வந்தால் சண்டை போடுவேன். ஆனால் சோறு போட்டுவிட்டுத்தான்.

அண்ணி

ஜூலை 3

அன்புள்ள அண்ணி,

விமானம் ரத்து என்று போனில் சொல்லிவிட்டேன். மீதியைச் சொல்லவில்லை. பக்கத்தில் அம்மா இருந்தார். அதனால் வீட்டுக்குத் திரும்பியதும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தபாலில் போடப்போவதில்லை, நேரில் வரும்போது கையில் கொடுத்துவிடுகிறேன்.

காலையில் கிளம்பும்போது தூறல்தான். நாங்கள் விமான நிலையத்துக்குள் போய் உட்கார்ந்ததும் கொட்ட ஆரம்பித்தது. கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையே தெரியவில்லை. அதே ஓடுபாதை. விபத்துக்குப் பிறகு அம்மா அந்த இடத்துக்குப் போனதே இல்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். 'என்னம்மா' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்றார்.

பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஓடுபாதையில் தண்ணீர் நிற்பதால் பாதுகாப்பு அதிகாரி மூட உத்தரவிட்டிருக்கிறார், இன்று பகல் விமானங்கள் எதுவும் இறங்காது, கிளம்பாது.

கூடம் முழுக்க ஒரே இரைச்சல். ஒரு குழந்தை வீறிட்டது. எங்களுக்கு முன்வரிசையில் டை கட்டிய ஒருவர் எழுந்து நின்று, யாரைப் பார்த்து என்றில்லாமல் கத்தினார். "ஒரு மழைக்கு மூடறானுங்க! இதைவிடக் கொட்டற மழையிலெல்லாம் முன்னாடி இறக்கியிருக்கானுங்க சார், தெரியுமா? புதுச் சட்டமாம். எவன் உக்காந்து எழுதினானோ!"

என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அந்த ஆள் பாவம், பயந்துபோயிருப்பார்.

அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "என்னடா சொல்றாரு அவரு?"

"மழைன்னா மூடிடறாங்களாம்மா. அதான் கோபம்."

அம்மா கண்ணாடியைப் பார்த்தார். மழையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"அன்னிக்கு மூடலையா?"

"இல்லம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னால் நின்றவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். இப்போது யாரிடமோ போனில். ஊரில் யாரோ அவருக்காகக் காத்திருக்கிறார்கள் போல. 'நாளைக்குத்தான் வருவேன், சொல்லிடு' என்று கத்தினார்.

அம்மா மெல்ல முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கோபப்படறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கோபப்படட்டும்" என்றார். "வா, நாமளும் போகலாம்."